பெயரை வாங்கலாம், நல்ல பெயரை வாங்க முடியுமா?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவர் என்று நீங்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது எனக்கு அப்போதே தெரியும். பழக்கம் இன்னும் போகவில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போது படியுங்கள். கடைசிப் பகுதியில் என் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். அதற்காகவாவது முடிவு வரை வாருங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். போர்வை, துண்டு, படுக்கை விரிப்பு என்று இணையத்தில் விற்கிறான். அவனும் மனைவியும்தான் கடை. அவன் ஆர்டர் பார்ப்பான், அந்தப் பெண் பார்சல் கட்டும்.

"சார், பன்னெண்டு வருசப் பழைய டொமைன் ஒண்ணு விலைக்கு வருது. யாரோ பணம் கட்டாம விட்டுட்டாங்களாம். அதுக்கு ஏகப்பட்ட லிங்க் இருக்கு, வாங்கி உங்க கடையோட சேத்தா கூகுள்ல முதல் பக்கத்துல வந்துருவீங்கன்னு சொல்றாங்க. எழுபத்தஞ்சாயிரம் கேக்குறாங்க. வாங்கலாமா சார்?"

எழுபத்தைந்தாயிரம் என்பது அவனுக்குத் தீபாவளிச் சரக்கு எடுக்க வைத்திருக்கும் பணம். "ஒரு வாரம் டைம் குடுப்பா" என்றேன். நான் கம்ப்யூட்டர் வாத்தியார் இல்லை, வரலாறு எடுத்தவன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஒரு வழக்கம் எப்படி ஆரம்பித்தது, யாருக்கு லாபம் கொடுத்தது, பிறகு என்ன ஆயிற்று என்று வரிசையாகப் பார்ப்பது. அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டொமைன் என்றால் என்ன? இணையத்தில் ஒரு தளத்தின் முகவரிப் பெயர். அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற வலைப்பின்னல் இருந்த காலத்தில் மொத்தக் கம்ப்யூட்டர்களே சில நூறுதான். எல்லாவற்றின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபீன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் இருந்த குழு அதைப் பராமரித்தது. நம் பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி. புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஒரு வரி சேரும்.

கம்ப்யூட்டர்கள் பெருகியபோது ஒரே பதிவேடு தாங்கவில்லை. 1983ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் இன்று வரை நாம் பயன்படுத்தும் டொமைன் பெயர் முறையை வகுத்தார். 1985 மார்ச் 15ம் தேதி சிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயர் பதிவாயிற்று. டாட் காம் பெயர்களில் அதுதான் முதலாவது.

அந்தக் காலத்தில் பெயருக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டது. 1995 செப்டம்பரில் அது மாறியது. பதிவு செய்யும் பொறுப்பில் இருந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்க ஆரம்பித்தது. இந்த இடத்தைக் கவனியுங்கள். டொமைன் பெயர் என்பது பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை, குத்தகை நிலம். கெடு முடிந்தும் பணம் கட்டாவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

மறப்பது ஏழைகள் மட்டுமில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் பெயருக்குப் பணம் கட்ட மறந்துவிட்டது. ஹாட்மெயிலுக்குள் நுழையும் வாசல் அதுதான். பலரால் மின்னஞ்சல் பார்க்க முடியவில்லை. மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் சொந்த கார்டிலிருந்து 35 டாலர் கட்டினார். வாசல் திறந்துகொண்டது. நல்ல மனிதர் கையில் சிக்கியதால் தப்பித்தார்கள்.

இனி கூகுள் கதைக்கு வருவோம்.

1990களின் நடுவில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் என்ன சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தன. அதை ஏமாற்றுவது சுலபம். ஒரே சொல்லை நூறு தடவை எழுதிவிட்டால் போதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு வழியில் யோசித்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கிறது என்பது மட்டும் போதாது, மற்றவர்கள் அதைச் சுட்டிக்காட்டுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு வகைச் சிபாரிசு. சிபாரிசு செய்பவர் பெரியவராக இருந்தால் அதற்கு எடை அதிகம். இதுதான் பேஜ்ரேங்க். 1998ல் கூகுள் நிறுவனம் பிறந்தபோது அதன் பலமே இதுதான்.

யோசனை முற்றிலும் புதிதில்லை. யூஜீன் கார்ஃபீல்டு என்ற அறிஞர் 1964லேயே எந்த ஆய்வுக் கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று பட்டியலிடும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். அறிஞர்களுக்குள் இருந்த வழக்கத்தை இந்த இரண்டு பிள்ளைகளும் இணையத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பள்ளி முடித்துப் போகும்போது நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வருவீர்கள் அல்லவா? லிங்க் என்பது அந்தச் சான்றிதழ். நான் கொடுத்தது உனக்கு. உன்னை ஐந்து வருஷம் பார்த்துவிட்டுக் கொடுத்தது.

ஓட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? இணையத்தில் இந்தச் சான்றிதழ் ஆளின் பெயருக்கு எழுதப்படவில்லை, வீட்டு முகவரிக்கு எழுதப்பட்டது. வீட்டில் இருந்தவர் காலி செய்துவிட்டுப் போனாலும் சான்றிதழ் அந்த முகவரியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாகக் குடி வந்தவர் "இது எனக்குக் கொடுத்தது" என்று காட்டலாம்.

இதை வைத்துத்தான் ஒரு வியாபாரம் வளர்ந்தது. டாட் காம் மாதிரியான பெயருக்குக் கெடு முடிந்தால் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாள் முதல் 45 நாள் வரை சலுகை உண்டு. நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம், அபராதம் கட்டி எடுக்கலாம். அதன்பின் 5 நாள் காத்திருப்பு. அதுவும் முடிந்தால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். அந்த நொடிக்காகவே காத்திருந்து பிடிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. நல்ல லிங்க் உள்ள பெயர்கள் அதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுவதும் உண்டு.

வாங்கியவர்கள் மூன்று விதமாகப் பயன்படுத்தினார்கள். ஒன்று, பழைய பெயரிலேயே தங்கள் சரக்கைக் கடை விரிப்பது. இரண்டு, பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகத் தங்கள் தளத்துக்குத் திருப்பிவிடுவது. ரீடைரக்ட் என்கிறார்கள். என் மாணவனுக்குச் சொன்னது இதைத்தான். மூன்று, இப்படிப் பத்து இருபது பெயர்களை வாங்கி, எல்லாவற்றிலிருந்தும் தன் தளத்துக்குத் தானே லிங்க் கொடுத்துக்கொள்வது. ஒரே ஆள் பத்து வாத்தியார் கையெழுத்தைப் போட்ட மாதிரி.

இது பலித்ததா? உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பலித்தது. இல்லாவிட்டால் அந்தச் சந்தையே உருவாகியிருக்காது.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2003 டிசம்பர் 31ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 2005 மார்ச்சில் அது வெளியானது. தளங்களின் பழைய வரலாற்றை வைத்து அவற்றை எடை போடுவது எப்படி என்பதுதான் பொருள். அதில் நம் கேள்விக்கே பதில் இருக்கிறது. ஒரு டொமைன் கெடு முடிந்து வேறொருவர் கைக்குப் போகலாம். அப்போது பக்கத்தில் இருப்பதற்கும் அதைச் சுட்டும் லிங்க்குகள் சொல்வதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். அப்படி மாறிய தேதியைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய லிங்க்குகளைத் தள்ளிவிடலாம், அல்லது மதிப்பைக் குறைக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதே 2005ல் கூகுள் டொமைன் பதிவு செய்யும் உரிமமும் பெற்றது. பெயர் விற்க அல்ல, டொமைன் முறையைப் புரிந்துகொண்டு தேடலின் தரத்தைக் கூட்டத்தான் என்று அப்போது சொன்னார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காப்புரிமையில் எழுதியிருப்பதாலேயே அது அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்று ஆகாது. கல்வெட்டில் வரி விலக்கு என்று இருந்தால், உண்மையில் யாரும் வரி வாங்கவில்லை என்று அர்த்தமா என்று வகுப்பில் கேட்பேனே, அதே கேள்விதான். ஆனால் இந்தத் தந்திரத்தை அவர்கள் 20 ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

பிறகு 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் கீழே இறங்கின. 2014 செப்டம்பரில் நான் மூன்றாவதாகச் சொன்ன அந்தக் கையெழுத்துக் கூட்டத்தின் மீது நடவடிக்கை எடுத்தார்கள். முதலீடு போட்ட பலர் நஷ்டப்பட்டார்கள். 2019ல் கூகுளின் ஜான் முல்லரிடம் டொமைனின் வயது உதவுமா என்று கேட்டபோது, ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லிவிட்டார். "பன்னெண்டு வருசப் பழசு" என்று விலை ஏற்றுபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் தந்திரம் சாகவில்லை. தி ஹேர்பின் என்று அமெரிக்காவில் பெண்கள் நடத்திய, பெண்களுக்கான நல்ல தளம் ஒன்று இருந்தது. 2010ல் தொடங்கி 2018ல் நின்றுபோனது. பெயர் கெடு முடிந்ததும் செர்பியாவைச் சேர்ந்த ஒரு டிஜே அதை வாங்கி, செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் நிரப்பினார். பழைய கட்டுரைகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, எழுதிய பெண்களின் பெயரை எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் வயர்டு இதழ் இதை வெளிக்கொண்டு வந்தது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. உழைத்தவர் பெயரை அழித்துவிட்டு அவர் உழைப்பை மட்டும் வைத்துக்கொள்வது வரலாற்றில் நாம் பார்க்காததா?

அடுத்த இரண்டு மாதத்துக்குள், 2024 மார்ச் 5ல், கூகுள் தன் விதிகளில் ஒன்றை வெளிப்படையாகச் சேர்த்தது. கெடு முடிந்த டொமைனை வாங்கி, பார்ப்பவருக்குப் பயனில்லாததை நிரப்பி, தேடலில் முன்னால் வருவதையே முக்கிய நோக்கமாக வைத்துச் செய்தால் அது மோசடி. அப்படிப்பட்ட தளம் கீழே தள்ளப்படலாம், பட்டியலிலிருந்தே நீக்கப்படலாம். அவர்கள் கொடுத்த உதாரணங்களில் ஒன்று: ஒரு காலத்தில் தொடக்கப் பள்ளியின் தளமாக இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம். இந்த உதாரணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

அதே விதியில், பழைய பெயரில் மக்களுக்குப் பயன்படும் புதிய, சொந்தமான தளம் நடத்தினால் தப்பில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆக, குற்றம் பெயரை வாங்குவதில் இல்லை. அடுத்தவர் சான்றிதழைக் காட்டி ஏமாற்றுவதில்தான் இருக்கிறது.

என் மாணவனுக்கு நான் சொன்ன பதில் இது.

"தம்பி, அந்தப் பெயர் எதற்கு இருந்தது என்று முதலில் பார். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று ஒரு நூலகம் 1996லிருந்து இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கிறது. வேபேக் மெஷின் என்ற பகுதியில் முகவரியைப் போட்டால் பழைய தோற்றம் தெரியும்." பார்த்தான். வெளிநாட்டில் ஏதோ சிற்றூர் இசைக் குழுவின் தளம். நடுவில் இரண்டு வருஷம் மருந்து விற்றிருக்கிறது. இசைக் குழுவுக்குக் கிடைத்த லிங்க் போர்வைக்கு எப்படி உதவும்? மருந்து விற்றவர் ஏற்கனவே தண்டனை வாங்கியிருந்தால் அந்தக் கறையும் சேர்ந்து வரும். சில மாதம் முன்னால் வந்தாலும் வரலாம், ஆனால் ஒரு நாள் இறக்கிவிட்டால் சொந்தக் கடையும் சேர்ந்து இறங்கும். கடன் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம், காலம் முழுக்கக் குடித்தனம் நடத்த முடியாது.

அதே தொழிலில் இருந்த ஒருவர் கடையை மூடுகிறார், அவருடைய பெயரையும் வாடிக்கையாளரையும் பேசி வாங்கிக்கொண்டு அதே வேலையைத் தொடர்கிறாய் என்றால் அது வேறு. அது வாரிசு. இது அப்படியில்லை.

"அந்தப் பணத்துல சரக்கு எடு. ஒவ்வொரு போர்வைக்கும் நல்ல படம் எடுத்துப் போடு, நூல் எத்தனாம் நம்பர், துவைச்சா சாயம் போகுமான்னு உண்மையை எழுது" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றான். வாங்கவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

நம் பள்ளியின் பழைய மாணவர்களுக்கென்று ஒரு இணையதளம் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளி விழா கொண்டாடிய பிள்ளைகள் காசு போட்டு ஆரம்பித்தது. நம் மறைந்த தலைமையாசிரியருக்கு ஒரு நினைவுப் பக்கம் அதில் இருந்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மதியம் சாப்பாடு கொண்டு வராத பையனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தன் டிபனில் பாதி கொடுத்ததை ஒருவன் எழுதியிருந்தான். உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றும், பக்கத்து ஊர்ப் பள்ளியும் அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தளத்துக்குத் தொடர்பு மின்னஞ்சலாக என்னுடையதைக் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் "உங்கள் டொமைன் கெடு முடிகிறது" என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. ஏமாற்றுக்காரர்கள் இப்படித்தான் அனுப்புவார்கள், எதையும் தொடாதீர்கள் என்று உங்களுக்கெல்லாம் புத்தி சொல்பவன் நான். அழித்துவிட்டேன். இரண்டாவதும் வந்தது. அதையும் அழித்தேன். மீட்புக் காலத்திலாவது யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

போன வாரம் இந்த ஆராய்ச்சியில் இருந்தபோதுதான் நம் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன். ரம்மி, பந்தயம், "இப்போதே பணம் வெல்லுங்கள்" என்று கண்ணைப் பறிக்கும் விளம்பரங்கள். கூகுள் விதியில் சொல்லியிருக்கும் உதாரணம் நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அந்தச் செய்தித் தளத்தின் லிங்க் இன்னும் அப்படியே இருக்கிறது. தலைமையாசிரியரைப் பற்றிப் படிக்க அதைத் தொடும் பிள்ளை சூதாட்ட வாசலில் போய் நிற்கும். அவர் முப்பது வருஷம் சம்பாதித்த நல்ல பெயரை யாரோ சில ஆயிரத்துக்கு வாங்கி இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாங்குபவனின் கணக்கை இவ்வளவு நேரம் சொன்னேன். விட்டுவிட்டவர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். நாம் கைவிடும் பெயர் வெறும் காலிமனை ஆவதில்லை. நம்மை நம்பி வழி காட்டியவர்கள் எல்லோரையும் அது தப்பான இடத்துக்கு அனுப்பும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. வேபேக் மெஷினில் நினைவுப் பக்கத்தின் பெரும்பகுதி கிடைத்தது. நாற்பத்தொன்று கடிதங்களைப் பிரதி எடுத்துவிட்டேன். படங்கள்தான் இல்லை.

உங்களிடம் கேட்பது நான்கு.

ஒன்று, அந்தப் பக்கத்துக்கு எழுதியவர்கள் உங்கள் கடிதத்தின் நகல் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் திரும்ப எழுதுங்கள். தலைமையாசிரியரின் படம் யாரிடம் இருந்தாலும் அனுப்புங்கள்.

இரண்டு, செய்தித் தளத்துக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் பழைய லிங்க்கை எடுத்துவிடும்படி நான் எழுதிவிட்டேன். வேறு எங்காவது பார்த்தால் சொல்லுங்கள். உங்கள் பக்கங்களிலும் வாட்ஸ்அப்பிலும் பழைய முகவரி இருந்தால் அழித்துவிடுங்கள்.

மூன்று, புதிய பெயர் வாங்குகிறோம். சேர்ந்தாற்போல் பல ஆண்டுக்குப் பணம் கட்டி, தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் வைத்து, மூன்று பேர் மின்னஞ்சலைக் கொடுக்கப் போகிறோம். அந்த மூன்று பேரில் நான் இருக்க மாட்டேன்!

நான்கு, கடை, கிளினிக், கோயில் அறக்கட்டளை, குடும்பச் சங்கம் என்று எதற்காவது இணையதளம் வைத்திருப்பவர்கள் இன்றே அதன் கெடு தேதியைப் பாருங்கள். பணம் கட்டும் கார்டு உயிரோடு இருக்கிறதா, மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். பத்து நிமிட வேலை.

தலைமையாசிரியர் வீட்டார் இதைப் படித்தால், என்னை மன்னிக்க வேண்டும். நேரில் வந்தும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்